பன்னிரண்டாம் சீட்டின் கயிறு

இன்று பலன் பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டில் உள்ள 78 சீட்டுகளில் பன்னிரண்டாம் எண்ணுக்கு உரியவன் தொங்கும் மனிதன். இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909-இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த வடிவம். இலை துளிர்த்த மரச்சட்டம். ஒற்றைக் காலில் கயிறு. தலைகீழாக ஓர் இளைஞன். கைகள் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. முகத்தில் வலி தெரியவில்லை, தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறது. இந்தச் சீட்டு விழுந்தால் பலன் சொல்பவர்கள் அநேகமாக ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: அவசரப்படாதீர்கள், பொறுத்திருங்கள், உலகத்தை வேறு கோணத்தில் பாருங்கள். ஒளிவட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் பலன் இது. கயிற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கயிறு தானாகக் காலில் ஏறாது என்பதைச் சொல்லாமல் இந்தச் சீட்டுக்கு எப்படிப் பொருள் சொல்ல முடியும்?

இந்தப் படம் பிறந்த இத்தாலியில் கயிற்றுக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அங்கே துரோகி என்று தீர்ப்பான ஒருவனை ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல் ஊர்ப் பொதுச்சுவரில் ஓவியமாகத் தீட்டுவார்கள். ஆள் கையில் சிக்காவிட்டாலும் அவன் மானத்தைத் தூக்கிலிடும் தண்டனை அது. முசியோ அட்டெண்டோலோ ஸ்ஃபோர்சா என்ற படைத்தலைவன் அணி மாறியபோது, போப் பட்டத்துக்கு உரிமை கோரிய இருபத்துமூன்றாம் ஜான் 1412-இல் ரோம் நகரில் அவனை இப்படி வரைய வைத்தார். அதே முசியோவின் மகன் பிரான்செஸ்கோ பின்னாளில் மிலானின் கோமகன் ஆனான். அவன் குடும்பத்துக்காகப் பொன்முலாம் பூசித் தீட்டப்பட்ட, இன்றும் எஞ்சியிருக்கும் பழைய டாரட் கட்டில் தொங்கும் மனிதனும் இருக்கிறான். அப்பனை அவமானப்படுத்திய படம் மகன் வீட்டு விளையாட்டுச் சீட்டு! இத்தாலியில் இந்தச் சீட்டுக்குத் 'துரோகி' என்றே ஒரு பெயர் இருந்தது. 1781-இல் கூர் தெ ழெபெலின் என்ற பிரெஞ்சு அறிஞர், சீட்டுக்காரர்கள் படத்தைத் தவறுதலாகக் கவிழ்த்துவிட்டார்கள், ஒற்றைக் காலில் நிதானமாக நிற்கும் விவேகியே இவன் என்று வாதிட்டார். ஒளிவட்டம் அதற்கும் வெகுகாலம் பின்னால் வந்தது. ஆக, துரோகி, விவேகி, தியாகி என்று பட்டம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாறாமல் இருப்பது கயிறு ஒன்றுதான்.

மலேசியாவில், தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங்கில் கயிற்றின் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை. 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், தோட்டப்புறத்து மக்கள் 'இசா' என்றே சொன்ன அந்தச் சட்டத்தில், 2012-இல் அது நீக்கப்படும்வரை விசாரணை கிடையாது. உள்துறை அமைச்சர் கையெழுத்திட்டால் இரண்டு ஆண்டு தடுப்புக்காவல். முடிந்ததும் மீண்டும் இரண்டு ஆண்டு நீட்ட முடிந்தது. அப்படிக் கையெழுத்தானவர்களை வைத்த இடம் கமுந்திங் தடுப்பு முகாம். 1987-இல் லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் நடந்த பெருங்கைதில் கர்ப்பால் சிங், வி. டேவிட், பி. பட்டு போன்ற எதிர்க்கட்சியினர் அங்கே போனார்கள். 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு, டிசம்பர் 13 அன்று, அதை நடத்திய மலேசிய இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவர் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் மனோகரன், உள்ளே இருந்தபடியே 2008 மார்ச் தேர்தலில் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். உத்தரவுத் தாளில் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு. வாக்குச்சீட்டில் எங்கள் உறுப்பினர். கட்டியவர் எழுதிய பெயர் ஒன்று, பார்த்தவர் வைத்த பெயர் வேறொன்று.

கட்டுண்டவர் எல்லாரும் நிரபராதிகளா என்று கேட்கலாம். இல்லை, ஆயுதவழியில் நம்பிக்கை வைத்தவர்களும் அந்த முகாமில் இருந்தார்கள். ஆனால் யார் குற்றவாளி, யார் இல்லை என்று பிரித்தறிய நீதிமன்றம் ஒன்றுதான் வழி, அந்த வழியைத்தான் இசா அடைத்தது. சீட்டிலும் தொங்குபவன் செய்த குற்றம் எழுதப்படவில்லை. இதைவிட வலுவான மறுப்பு நம் மரபிலிருந்தே வரும். தலைகீழ் நிலை தண்டனையாகத்தான் இருக்க வேண்டுமா? கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று காரைக்கால் அம்மையார் தலையாலே நடந்து ஏறினார். சிவபெருமானே 'அம்மையே' என்று அழைத்தார். உண்மைதான், தலைகீழாக நிற்பதில் ஞானமும் உண்டு. ஆனாலும் அம்மையார் காலில் கயிறு இல்லை. போகும் திசை அவர் தேர்ந்தது, நின்றுவிடவும் அவரால் முடிந்திருக்கும். தானே ஏற்ற தவத்தையும் பிறர் கட்டிய கட்டையும் ஒரே சொல்லால் 'பொறுமை' என்று அழைத்தால், கட்டியவர் வேலையைப் பலன் சொல்பவர் செய்துகொடுத்தது போலாகிவிடும்.

ஆறுதலுக்காகச் சீட்டு எடுப்பவரிடம் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்றால், வருபவர் யார் என்று பார்க்க வேண்டும். பேராக் தோட்டங்களில் பிறந்து, பிறப்பு பதியப்படாமல் போய், வயதான பிறகும் நிரந்தரவாசியின் சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டையோடு) குடிமக்களின் நீல ஐசிக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. ரப்பர் காடு செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறியவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தச் சீட்டு விழுந்தால் 'பொறுத்திருங்கள்' என்பது அவர்கள் ஏற்கனவே செய்துகொண்டிருப்பதுதான். அவர்களிடம் ஒளிவட்டத்தைக் காட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு: மனு எந்த அலுவலகத்தில் கிடக்கிறது, எந்தத் தேதியில் கொடுத்தது, எந்தத் தாள் குறைகிறது என்றார்கள், யாருடைய கையெழுத்துக்காக நிற்கிறது?