லடாக் போய் வந்தோம்!

"லடாக்குக்கா? பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கிட்டா?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. 2023 மே மாதம், பள்ளி விடுமுறையில், என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், ஏழாம் வகுப்பு முடித்த மகன், அறுபத்தேழு வயது மாமியார், நான் என ஐந்து பேரும் மதுரையிலிருந்து கிளம்பினோம். வருஷா வருஷம் கொடைக்கானலோடு முடிந்துவிடும் எங்கள் சுற்றுலா, இந்த முறை ஒரேயடியாக இமயத்துக்கு எகிறிவிட்டது.

கிளம்பும் முன் எங்கள் குடும்ப டாக்டரிடம் போய், அத்தைக்கு ரத்த அழுத்தம், இருதயம் எல்லாம் பரிசோதித்துக் கொண்டோம். அவர் சொன்ன யோசனை இது: "விமானத்தில் நேராக லேயில் போய் இறங்காதீர்கள். ஸ்ரீநகரிலிருந்து காரில், நடுவில் ஓர் இரவு தங்கி ஏறுங்கள். உடம்பு பழகிக்கொள்ளும்." கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். ஸ்ரீநகர் 5,200 அடி, கார்கில் 8,800 அடி, லே நகரம் 11,500 அடி. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு அது எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

பச்சை முடிந்து பாலை தொடங்கும் இடம்

ஸ்ரீநகரிலிருந்து லே சுமார் 420 கிலோ மீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கே வண்டி கிளம்பியது. டிரைவர் கார்கில்காரர், அத்தையை 'மாஜி' என்றுதான் கூப்பிடுவார். சோனாமார்க் வரை பைன் மரங்களும் புல்வெளியும் ஆறுமாகக் கண் நிறைந்து போயிற்று. அதன் பின் ஜோஜிலா கணவாய். அம்மாடி! ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் அதல பாதாளம். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டிக் கவசத்தை ஆரம்பித்தவர், இறக்கம் வரும் வரை நிறுத்தவே இல்லை. மேலே ஏறியதும் சாலையின் இரு புறமும் வண்டி உயரத்துக்கு மேல் பனி, வெட்டி வைத்த சுவர் போல நின்றது. பையன் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிட்டது. வெளியே காற்றின் அழுத்தம் குறைந்தால் உள்ளே அடைத்த காற்று விரிகிறது; அதுதான் காரணம்.

கணவாயைத் தாண்டியதும் மரங்கள் காணாமல் போய்விட்டன. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மொட்டை மலை! குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது தூத்துக்குடி காய்ந்து கிடக்கிறதல்லவா? அதே கதைதான். மழை மேகத்தை இமயமலை தடுத்துவிடுவதால், லே பகுதியில் வருஷம் முழுவதும் மழையும் பனியும் சேர்த்து 100 மில்லி மீட்டர் அளவுதான். அதனால்தான் இதைக் குளிர்ப் பாலைவனம் என்கிறார்கள்.

திராஸில் 1999 கார்கில் போரில் உயிர் நீத்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. பின்னால் தோலோலிங் மலை. அவ்வளவு செங்குத்தான மலையில், மேலேயிருந்து குண்டு வரும்போது, நம் பிள்ளைகள் எப்படித்தான் ஏறினார்களோ! அதே போரில் பட்டாலிக் பகுதியில் வீர மரணம் அடைந்த திருச்சி மேஜர் சரவணனை நினைத்துக்கொண்டோம். காவலுக்கு நின்ற ஜவான் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "மதுரையா அம்மா? நான் சிவகாசிப் பக்கம்" என்றார். அத்தை பையிலிருந்த அதிரசத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றிரவு கார்கிலில் தங்கினோம்.

நிலா பூமி

மறுநாள் பாதைதான் பயணத்தின் சிகரம். முல்பெக் என்ற இடத்தில், சாலையோரப் பாறையில் சுமார் முப்பது அடி உயரத்துக்கு மைத்ரேய புத்தரைச் செதுக்கியிருக்கிறார்கள். பிறகு நமிகா லா, அதையடுத்து ஃபோது லா. 'லா' என்றால் கணவாய். ஃபோது லா 13,479 அடி. ஸ்ரீநகர் – லே சாலையிலேயே இதுதான் உயரமான இடம். ஐந்து நிமிஷம் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, உடனே ஏறிவிட்டோம்.

இறக்கத்தில் லாமாயூரு. மலை உச்சியில் பழமையான புத்த மடம், அதைச் சுற்றிலும் மஞ்சள் மண் மலைகள். குழம்பு கொதித்து அப்படியே உறைந்தது போல மடிப்பு மடிப்பாக இருக்கிறது. 'நிலா பூமி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கே ஏரி இருந்ததாம். நரோபா என்ற மகான் அதை வற்றச் செய்தாராம். கதை எப்படியோ, அந்த மண் ஏரியின் அடியில் படிந்த வண்டல்தான் என்று புவியியலாரும் சொல்கிறார்கள்.

லேக்கு 35 கிலோ மீட்டர் முன்னால் நிம்மு. இங்கே ஜான்ஸ்கர் ஆறு சிந்துவில் கலக்கிறது. இரண்டு நிறத் தண்ணீர் ஒட்டாமல் கொஞ்ச தூரம் ஓடி, பிறகு ஒன்றாவதை மேலிருந்தே பார்க்கலாம். நம் நாட்டுக்குப் பெயர் கொடுத்த நதி இது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

இரவு பதினொரு மணிக்கு

லேயில் ஒரு லடாக்கிக் குடும்பத்தின் வீட்டோடு சேர்ந்த விடுதி. 'ஓடாதே, குதிக்காதே' என்று எத்தனை சொல்லியும் கேட்காமல், என் மகன் அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளோடு மாடிக்கும் தோட்டத்துக்குமாகப் பந்து விளையாடினான். இரவு பதினொரு மணிக்கு, "அம்மா, தலை வெடிக்குது" என்று எழுந்தவன், சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டான். அத்தைக்கோ ஒன்றுமே இல்லை! உயர நோய்க்கு வயதும் பார்க்கத் தெரியாது, பலசாலியா என்றும் பார்க்கத் தெரியாது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன் வைத்துவிட்டு, டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "ஓய்வும் தண்ணீரும் போதும். தலைவலி முழுக்க விடும் வரை இதற்கு மேல் ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, குழறினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, தாமதிக்காமல் தாழ்வான இடத்துக்கு இறக்க வேண்டும்."

மறுநாள் பாங்காங் ஏரிக்குப் போக வண்டி பேசி, முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. '3 இடியட்ஸ்' படம் பார்த்த நாளிலிருந்து என் மகள் கனவு கண்ட நீல ஏரி! வண்டிக்காரரோ, "எல்லாரும் போய்ட்டுத்தான் வர்றாங்க, சிலிண்டர் இருக்கு" என்றார். என் கணவருக்கும் மனசு ஊசலாடியது. "இவ்வளவு தூரம் வந்துட்டு…" என்றார்.

கைப்பையிலிருந்த தாளை எடுத்தேன். ஏரி சுமார் 14,000 அடி. அதற்கு முன் சாங் லா கணவாய், 17,500 அடிக்கும் மேலே. "இங்கேயே தாங்காத பிள்ளையை இன்னும் ஆறாயிரம் அடி ஏத்தணுமாங்க? நீங்களும் பாப்பாவும் போய்ட்டு வாங்க. நானும் அத்தையும் இவனோட இருக்கோம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போன் கிடைக்காத இடத்தில் போய் உட்கார்ந்துக்கிட்டு எனக்கு ஏரி என்ன வேண்டிக் கிடக்கு?" என்று பயணத்தையே ரத்து செய்துவிட்டார். முன்பணம் போனது போனதுதான். மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கும் வருத்தம்தான், ஆனால் அந்த இரவு பையன் முனகாமல் தூங்கினானே, அதற்கு விலை உண்டா?

அடுப்படியில் கழிந்த இரண்டு நாள்

ஏரியைப் பார்க்காத அந்த இரண்டு நாளில்தான் லடாக்கைப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். விடுதி அம்மாவை எல்லாரும் 'ஆமா-லே' என்கிறார்கள். 'அம்மா' என்று மரியாதையாகச் சொல்வது. எதற்கும் 'ஜூலே'தான். வணக்கத்துக்கும் ஜூலே, நன்றிக்கும் ஜூலே. என் மகளின் பிரச்சார சபா இந்திதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு. அந்தச் சாக்கில் அவளுடைய கோபமும் மெல்லத் தணிந்தது.

அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. ரொட்டியும், காய்கறியும் மாவும் சேர்த்துக் காய்ச்சும் துக்பாவும்தான் அங்கே அன்றாடச் சாப்பாடு. பையனுக்கு முதலில் இறங்கியது அந்தச் சூடான துக்பாதான். வெண்ணெயும் உப்பும் போட்ட டீயை அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "ரசம்னு நினைச்சுக்கிட்டா குடிக்கலாம்" என்றார்.

குளிர்காலத்தில் ஒன்றும் விளையாதாகையால், கோடையிலேயே கீரை, டர்னிப், சர்க்கரைப் பாதாமி எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்துக்கொள்கிறார்கள். கிழங்குகளை மண்ணுக்கடியில் குழி வெட்டிப் பாதுகாக்கிறார்கள். நம் வீட்டு மணத்தக்காளி வற்றலைப் பற்றி அத்தை சொல்ல, ஆமா-லே உலர்ந்த டர்னிப் இலையை எடுத்துக் காட்ட, இருவருக்கும் ஒரே பாஷைதான்!

தண்ணீரை அவர்கள் மதிக்கும் விதத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பனி உருகி வாய்க்காலில் வரும் நீர்தான் வயலுக்கு ஆதாரம். கிராமங்களில் யார் வயலுக்கு எப்போது என்று முறை வைத்துத் திறந்துவிட 'சுர்போன்' என்று ஒருவரை அமர்த்துகிறார்கள். விதைக்கும் வேளையில் நீர் போதாத குறைக்காக, பொறியாளர் சோனம் வாங்சுக் 2013 வாக்கில் ஒரு வழி கண்டார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைக் குழாய் வழியே பீய்ச்சிக் கோபுரமாக உறைய வைத்தால், அது வசந்தத்தில் மெல்ல உருகிப் பாயும். 'பனி ஸ்தூபி' என்று பெயர்.

மூன்றாம் நாள் பையன் தெளிந்துவிட்டான். லேயின் உயரத்திலேயே இருக்கும் திக்ஸே மடத்துக்கு மெதுவாகப் போய் வந்தோம். பிறகு லேயிலிருந்து விமானத்தில் டில்லி. "பாங்காங் எனக்குக் கடன் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க" என்று மகள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

போகிற சகோதரிகளுக்கு

1. கைக்குழந்தை இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, இருதய, நுரையீரல் நோய் இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் இந்த உயரத்துக்குப் போக வேண்டாம். சின்னக் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. அழுகை, பால் குடிக்காமை, தூங்காமைதான் அறிகுறி.

2. லே போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாளாவது முழு ஓய்வு. அந்த நாட்களுக்கு வண்டி பேச வேண்டாம்.

3. உயர நோய்க்கு முன்கூட்டிச் சாப்பிடும் மாத்திரை உண்டு. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

4. கற்பூரம் முகர்ந்தால் போதும் என்பார்கள். வாசனை வரும், ஆக்ஸிஜன் கூடாது.

5. வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று குளிரும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயில் தடுப்புக் கிரீம், உதட்டுக்குக் களிம்பு, கம்பளி உடை எல்லாமே வேண்டும்.

6. எங்கும் அவசரம் வேண்டாம். திட்டத்தில் ஒரு நாளைக் காலியாகவே வைத்திருங்கள். அது உங்கள் பிள்ளைக்காக வைக்கும் நாள்.