மச்சமும் மாதக் கணக்கும்

திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் விருத்தாசலத்தில், மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் அன்பர்கள் சுந்தரர் வரலாற்றை நினையாமல் திரும்புவதில்லை. பழமலைநாதர் அருளிய 12,000 பொன்னை அவர் இந்த ஆற்றில் இட்டார். திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்தில் எடுத்தார். வங்கி வரைவோலைக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பணமாற்று என்று இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த வேடிக்கையில் ஒரு நுட்பம் மறைந்துபோகிறது. பொன்னை ஆற்றில் விடுமுன் அதிலிருந்து சிறு துண்டை மச்சமாக வெட்டித் தம் கையில் வைத்துக்கொண்டார் சுந்தரர். ஆரூரில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. தோழராகிய பெருமானிடமே முறையிட்டுப் பாடினார், மாற்றும் சரியாயிற்று. கொடுத்தவர் பரமனே ஆயினும், பெற்றதை உரைத்துப் பார்ப்பதில் பிழையில்லை என்று அவர் கருதினார் போலும்.

அதே விருத்தாசலத்திலும் அதையடுத்த நல்லூர் வட்டாரத்திலும் இன்று ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள் பலர். பீங்கான் தொழிலில் உழைத்து ஓய்ந்தவர்களும் அவர்களில் உண்டு. கறிகாய்க் கடையில் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற இவர்கள், மாதக் கட்டணங்களை மட்டும் மச்சம் வைத்துப் பார்ப்பதில்லை.

மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் கணக்கெடுப்பு இரு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதப்படி 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படிகளுக்கான சலுகை விகிதமும் மாறிவிடுவதே காரணம். பின்னர் விகிதங்கள் சற்று உயர்ந்தன. ஆனால் 500இல் உள்ள அந்தப் படி அப்படியே இருக்கிறது. கணக்கெடுத்த நாளின் அளவை நாட்காட்டியில் குறித்துவைத்து, நாற்பத்தைந்தாம் நாள் மீட்டரை ஒருமுறை பார்த்தால் போதும். வெந்நீர்க் கருவியையும் குளிர்சாதனத்தையும் கடைசி இரு வாரம் அடக்கி ஆளலாம். இதற்காக வேர்வையில் வாடி உடம்பைக் கெடுத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

அடுத்தது கைப்பேசி. பழமலைநாதர் கோயிலில் 28 ஆகம லிங்கங்களை வலம்வரும் அன்பர்களுக்கு 28 என்னும் எண் புதிதன்று. கைப்பேசி நிறுவனங்களின் 28 நாள் வேறு வகை. மாதம் ஒருமுறை கட்டுவதாக எண்ணியிருப்பவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை கட்டுகிறார். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. இணையமே வேண்டாம், பிள்ளைகளோடு பேசினால் போதும் என்பவர்களுக்காக, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டுமே உள்ள திட்டமும் தரப்பட வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி வந்தது. கடைக்காரர் தாமாக இதை எடுத்துச் சொல்வது அரிது. கேட்டு வாங்க வேண்டும். தொலைக்காட்சியிலும் 2019 முதல் வேண்டிய அலைவரிசைகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. பக்தி அலைவரிசையும் செய்தியும் பார்க்கும் வீட்டில் விளையாட்டுத் தொகுப்பு எதற்கு?

இவையாவது கண்ணுக்குத் தெரிபவை. கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகை அப்படியன்று. நல்லூர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர், கணவர் காலமாகி ஓராண்டு கடந்தபின் வங்கிக்குச் சென்று புத்தகத்தில் பதிவு போட்டார். மாதந்தோறும் 299 ரூபாய் கழிந்திருந்தது. மொத்தம் 13 முறை, 3,887 ரூபாய். விடுமுறைக்கு வந்த பேரனுக்காகத் தாத்தா என்றோ சேர்ந்த திரைப்படச் சேவை அது. இருவர் பெயரிலும் இருந்த கணக்கு. அவர் போனபின்னும் அனுமதி போகவில்லை. கைக்கும் வாய்க்கும் எட்டவில்லையே என்று அந்த ஓராண்டில் பிரதோஷ விளக்குக்குத் தரும் எண்ணெயை அந்த அம்மையார் பாதியாகக் குறைத்திருந்தார்.

ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. இப்படிப்பட்ட தொகையைப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே செய்தி அனுப்ப வேண்டும்; எந்த நேரத்திலும் அனுமதியை விலக்கிக்கொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. செய்தி வந்துகொண்டுதான் இருந்தது, பீரோவில் அணைந்து கிடந்த கணவரின் கைப்பேசிக்கு. செயலியை நீக்கினாலும் பிடித்தம் நிற்காது என்பதையும் பலர் அறியார். பணம் செலுத்தும் செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதிக்குப் போய் அனுமதியையே விலக்க வேண்டும். இயலாதவர்கள் வங்கியில் எழுத்து மூலம் கேட்கலாம். ஓராண்டுக் கணக்கறிக்கையை வாங்கி, ஒரே தொகை திரும்பத் திரும்ப வரும் வரிகளைச் சிவப்பு மையால் கோடிட்டால் ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும்.

போன பணம் அந்த அம்மையாருக்குத் திரும்பவில்லை. பிடித்தத்தை நிறுத்த எழுதிக் கொடுத்த கையோடு, கணக்கில் பதிந்திருந்த எண்ணையும் தம் கைப்பேசி எண்ணுக்கு மாற்றித்தரும்படி அன்றே விண்ணப்பித்துவிட்டு வீடு திரும்பினார்.