தெளிந்த நீர்

உம்பாய் ஒரு கடற்கரைச் சிற்றூர். மலாக்கா நகரிலிருந்து மூவாருக்குச் செல்லும் பழைய சாலையில், செர்க்காமையும் மெர்லிமாவையும் அடைவதற்கு முன் வருவது. சுட்ட மீனுக்குப் பெயர் பெற்ற ஊர் ஆதலால், மாலை மயங்கியதும் வெளியூர்க் கார்கள் கடைகளின் முன் வரிசை பிடித்து நிற்கும். மீனை உண்ண மக்கள் திரளும் இவ்வூரில், மூன்றே மூன்று மீன்களைச் சாகாமல் காப்பதற்காகப் பத்தொன்பது நாள்கள் கவலையோடு கழித்தேன் என்றால் கேட்பவர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். அந்த மூன்று மீன்களும் என் நண்பர் விட்டுச் சென்றவை.

நண்பரும் நானும் ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். என்னைவிட ஓராண்டு மூத்தவர். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் ஜாசினில் குடியிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு நகரம் போய்விட்டபின் வீட்டு வரவேற்பறையில் மீன்தொட்டி ஒன்றை வைத்தார். மாலையில் அதன் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பதே அவருக்குப் பெரிய ஓய்வு.

அவர் மறைந்த அன்று, வீடு நிறைய ஆள்கள் கூடியிருந்த வேளையில், இரைச்சல் வேண்டாம் என்று யாரோ வடிகட்டியின் மின் விசையை அணைத்துவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பையன் மீன்களை எடுத்துப் பின்புறம் இருந்த சிமெண்டுத் தொட்டியில், ஆகாயத்தாமரைக்கு நடுவே விட்டான். வடிகட்டியை எவரும் நினைக்கவில்லை. துயரம் நிறைந்த வீட்டில் அதை யார் நினைப்பார்?

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. மறுநாள் அண்ணி என்னை அழைத்தார். “தம்பி, அவர் பார்த்துக்கொண்டிருந்த மீன்கள். என்னால் கவனிக்க முடியாது. தொட்டியையும் எந்திரத்தையும் சேர்த்து நீங்களே கொண்டுபோங்கள். எந்திரம் ஒன்றரை ஆண்டாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது” என்றார்.

வீட்டில் வைத்து விசையைப் போட்டேன். ஓடியது. “ஓடுகிறதே மாமா! மீனை விட்டுவிட வேண்டியதுதானே?” என்றார் மருமகன். அவர் கேட்டதில் தவறில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

அப்பொழுது என் பேத்திக்குப் பிறந்தநாள் பரிசாகப் புதிய தொட்டியும் புதிய வடிகட்டியும் ஆறு மீன்களும் வாங்கி வந்தேன். நீர் பளிங்கைப் போல் இருந்தது. நான்காம் நாள் மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. எட்டாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. “தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது, தாத்தா?” என்று அக்குழந்தை கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடையை நான் கற்றது அதற்குப் பிறகே.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. நம்முடையதைப் போன்ற வெப்ப நாட்டில், நீரின் காரத்தன்மையும் உயர்ந்திருந்தால், அந்நஞ்சின் கொடுமை இன்னும் மிகும். வடிகட்டியின் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களுள் ஒரு சாரார் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றனர். நைட்ரைட்டும் நஞ்சே. அது மீனின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். மற்றொரு சாரார் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றனர். நைட்ரேட் அளவு மீறாதவரை பெருந்தீங்கு செய்வதில்லை. வாரந்தோறும் சிறிது நீரை மாற்றினால் போதும். ஆகவே எந்திரம் என்பது நீரை இறைக்கும் கூடு மட்டுமே. வடிகட்டும் வேலையைச் செய்வது அதனுள் குடியிருக்கும் உயிர்கள். புதிய வடிகட்டியில் அக்குடி பெருகி நிறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பேத்தியின் மீன்களுக்கு நான் எட்டு நாள்கூடக் கொடுக்கவில்லை.

இவ்வுயிர்களைப் பற்றிய அறிவு ஒரே நாளில் கிட்டியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி இவற்றின் வாழ்க்கை முறையை விளக்கினார். 2005இல், அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்தே, அம்மோனியாவை உண்டு வாழும் வேறோர் இனத்து நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தனர். இரண்டு வேலைகளையும் ஒன்றே செய்யும் நுண்ணுயிரும் உண்டு என்பது 2015இல் வெளிப்பட்டது.

நண்பரின் வடிகட்டி பழையது. ஒன்றரை ஆண்டு உழைத்தது. ஆனால் பதினாறு நாள் நின்றுபோயிருந்தது. நீரோட்டம் நின்றால் மூடிய கலனுக்குள் உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடும்; பின் நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். முற்றிலும் காய்ந்திருந்தால் நம்பிக்கையே வேண்டா. மூடியைத் திறந்தேன். பஞ்சு ஈரமாகவே இருந்தது; ஆனால் அழுகிய முட்டை நாற்றம் வீசியது. உள்ளே எத்தனை உயிர்கள் எஞ்சியுள்ளன என்று கண்ணால் காண இயலாது. சோதித்தே தெரிந்துகொள்ள வேண்டும். வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரத்தையே அமைத்தது அமைச்சரையும் அலுவலரையும் தேர்வதற்காக மட்டும் அன்று என்று அப்பொழுது எனக்குத் தோன்றியது.

பஞ்சின் அழுக்கைக் குழாய் நீரில் கழுவவில்லை. குழாய் நீரில் உள்ள குளோரின் எஞ்சியவற்றையும் கொன்றுவிடும். 1991இல் துரியான் துங்கால் அணைக்கட்டு வற்றி மலாக்கா மாநிலம் குடிநீருக்குத் தவித்த நாள் முதல் எங்கள் வீட்டில் பீப்பாயில் நீர் பிடித்து வைக்கும் பழக்கம் உண்டு. திறந்து வைத்து குளோரின் நீங்கிய அந்த நீரில் பஞ்சை மெல்ல அலசினேன். தொட்டியை அதே நீரால் நிரப்பினேன். மீன் விடாமல், மீன்கடையில் வாங்கிய அம்மோனியம் குளோரைடு கரைசலை அளந்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வருமாறு ஊற்றினேன்.

குப்பியில் மணம் ஏதும் இல்லை. ஆயினும் ‘அம்மோனியா’ என்ற பெயரைப் படித்ததும் என் மூக்கில் அந்நெடி ஏறியது. என் தந்தை தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். இறக்கிய பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா சேர்ப்பார்கள். அந்நெடியோடுதான் அவர் வீடு திரும்புவார். ஆலையின் கழிவுநீர் விழுந்த ஓடையில் மீன் இருந்ததில்லை; நானும் நண்பரும் தூண்டிலோடு காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவோம். ரப்பர் ஆலைக் கழிவுநீருக்கான அரசு விதிகள் வந்தது பின்னாளில், 1978ஆம் ஆண்டில். குளங்களில் கழிவைத் தேக்கி நுண்ணுயிர்களைக் கொண்டே தூய்மை செய்யும் முறை ஆலைகளில் பரவியது. அன்று மீனில்லா ஓடையின் கரையில் அமர்ந்த நண்பர், முதுமையில் மீன்தொட்டியின் எதிரே அமர்ந்ததன் காரணத்தை நான் கேட்டதே இல்லை. இனிக் கேட்கவும் முடியாது.

மறுநாள் சோதனைக் குழாயில் நீரை எடுத்துத் துளிகளை விட்டேன். முழுதும் பழகிய வடிகட்டியாயின், 24 மணி நேரத்தில் அந்த 2 மில்லிகிராமும் தீர்ந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். நீரோ கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா சற்றும் குறையவில்லை. நைட்ரைட் சுழியம்தான், ஆனால் அது நற்செய்தி அன்று. முதல் வேலையே தொடங்கவில்லை என்பதே அதன் பொருள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நண்பர் இரண்டாம் முறை இறந்ததைப் போல் இருந்தது.

நான்காம் நாள் பச்சை சற்று வெளிறியது. நைட்ரைட் குழாயில் ஊதா நிழல் தட்டியது. யாரோ உள்ளே உயிரோடு இருந்தார்கள். அம்மோனியா தீரும்போதெல்லாம் மீண்டும் அளந்து ஊற்றினேன். இரையின்றேல் அவை பெருகா. ஒன்பதாம் நாள், ஊற்றிய அம்மோனியா ஒரே நாளில் மறைந்தது. குழாய் தெளிந்த மஞ்சளாக நின்றது. மருமகன் மகிழ்ந்து, “முடிந்தது மாமா” என்றார். நைட்ரைட் குழாயைக் காட்டினேன். கருநாவற்பழ நிறம்! அம்மோனியாவை மட்டும் பார்த்து நிறைவடைபவர் ஏமாறும் இடம் இதுவே. அன்று மீன்களை விட்டிருந்தால் ஒரு நஞ்சிலிருந்து தப்பி மற்றொரு நஞ்சில் மாண்டிருக்கும்.

பதினேழாம் நாள் இரண்டும் சுழியம், நைட்ரேட் உயர்ந்திருந்தது. ஒரு முறை சரியாக இருந்ததை முழுச் சான்றாகக் கொள்ளாமல், மேலும் இரு நாள்கள் அதே அளவு ஊற்றிச் சோதித்தேன். இரு நாளும் 24 மணி நேரத்தில் இரண்டும் தீர்ந்தன. பிறகு பாதிக்கு மேல் நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்தேன். பத்தொன்பதாம் நாள் மாலை ஜாசினுக்குச் சென்று மீன்களையும் அண்ணியையும் அழைத்து வந்தேன். பேத்தியும் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். இப்பொழுது கல்லூரி மாணவி. சோதனைக் குழாய்களை அவளே பிடித்து நிறம் பார்த்தாள்.

மீன்கள் சற்று நேரம் மூலையில் ஒடுங்கி நின்று, பின் நீந்தத் தொடங்கின. அண்ணி நெடுநேரம் பேசாமல் பார்த்திருந்தார். பிறகு, “அவர் வளர்த்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், அவையும் இன்னும் இதில் இருக்கின்றனவா தம்பி?” என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. “பெரும்பாலானவை போய்விட்டன அண்ணி. எஞ்சிய சிலவற்றின் வழி வந்தவையே இவை” என்றேன்.

“அது போதும்” என்றார்.

தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் அன்று. ஓடுகின்ற எந்திரம் எல்லாம் உயிருள்ள எந்திரமும் அன்று. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தை கேட்ட கேள்விக்கு நான் கண்ட விடை இவ்வளவே. இப்பொழுது இரு வாரங்களுக்கு ஒரு முறை, தொட்டி நீரையே வாளியில் எடுத்து, அதில் அந்தப் பஞ்சை மெல்ல அலசி மீண்டும் வைக்கிறேன். அலசும்போது, நண்பர் கையில் இருந்த பொருள் ஒன்றைத் தொடுவதாகவே உணர்கிறேன்.