ஹேமாவதி எடுத்தது, ஜாவகல் கொடுத்தது

அணைக்காக நிலத்தைப் பறிகொடுத்த குடும்பத்தின் பிள்ளை பொட்டல் காட்டில் விவசாயம் கற்றார். பிறகு விமானம் விட்டார்.

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தால் ஒரே பகலில் இரண்டு சீமைகளைப் பார்த்துவிடலாம். மேற்கே சக்லேஷ்பூர்: மழை, காபி, ஏலக்காய். கிழக்கே அரசிகெரே: வானம் பார்த்த மேட்டு நிலம், கண்ணுக்கெட்டிய வரை தென்னை. இரண்டு சீமைகளுக்கும் இடையே கோரூர் என்ற ஊரில் ஹேமாவதி ஆற்றை மறித்து நிற்கிறது ஓர் அணை.

1979-ல் முடிந்த இந்த அணையின் பெயர் தமிழர்களுக்குப் பழக்கமானது. ஹேமாவதி காவிரியின் துணை நதி. கிருஷ்ணராஜசாகர் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. அணையைக் கட்டியபோது தமிழகம் ஆட்சேபித்தது. 1990-ல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் வரை அந்த வழக்கு நீண்டது. ஆனால் தமிழகத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு கதை உண்டு. தஞ்சைக்கு வரும் தண்ணீர் குறையுமோ என்று இங்கே கவலைப்பட்டபோது, அங்கே பல கன்னட கிராமங்கள் அதே தண்ணீருக்கு அடியில் போயின. ஷெட்டிஹள்ளியில் 1860-களில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய தேவாலயம் அதற்குச் சாட்சி. மழைக்காலத்தில் கூரையற்ற அதன் சுவர்கள் நீரில் மூழ்கிவிடும். கோடையில் வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் வரும். மூழ்கிய வயல்களைப் பார்க்க யாரும் வருவதில்லை.

அப்படி நிலம் இழந்த குடும்பங்களில் ஒன்று கோரூர் பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. அவருடைய மகன் கோபிநாத், 1951-ல் மேல்கோட்டையில் பிறந்தவர். கன்னட வழிப் பள்ளி, பிஜாப்பூர் சைனிக் பள்ளி, புனே தேசியப் பாதுகாப்பு அகாடமி என்று படித்து ராணுவ அதிகாரியானார். 1971 வங்கதேசப் போரிலும் பங்கெடுத்தார். கேப்டன் பதவியில் இருந்தபோது, 28 வயதில், ராணுவத்தை விட்டார். கையில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மூழ்கிய வயலுக்கு ஈடாக அரசு கொடுத்த நிலம் மட்டும் இருந்தது.

அந்த நிலம் இருந்த இடம் ஜாவகல். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது ஒரு பந்துவீச்சாளரின் முன்பெயர். (ஸ்ரீநாத் பிறந்தது மைசூரில், ஜாவகல் அவருடைய பூர்வீகம்.) கோயில் பார்க்க வருபவர்களுக்கு, 13-ம் நூற்றாண்டில் ஹொய்சளர்கள் கட்டிய லட்சுமி நரசிம்மர் கோயில். ஹளேபீடு கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் அதிகத் தொலைவு இல்லை. ஆனால் ஆற்றங்கரையில் நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மேட்டு நிலம் ஈடாகுமா? ஏக்கருக்கு ஏக்கர் என்பது அரசாங்கத்தின் கணக்கு. தண்ணீருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

கோபிநாத் அங்கே கூடாரம் அடித்துத் தங்கினார். தென்னை வைத்தார். கடன் வாங்கினார். நஷ்டப்பட்டார். பிறகு பட்டுப்புழு வளர்ப்பு. புழுவுக்கு மல்பெரி இலை வேண்டும். இலைக்கு உரமும் மருந்தும் வேண்டும். அவற்றை வாங்கியே விவசாயி ஓட்டாண்டியாகிவிடுவான். செலவைக் குறைத்து, ரசாயனத்தைக் குறைத்து, இயற்கையின் போக்கிலேயே புழு வளர்க்க முடியுமா என்று பார்த்தார். 1996-ல் இதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இடையில் ஹாசனில் ஓட்டல் நடத்தினார். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் விற்றார். தோட்டத்து வருமானத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பது எந்த மானாவாரி விவசாயிக்கும் தெரிந்ததுதான்.

கேப்டன் என்றதும் பலர் அவரை விமானி என்று நினைக்கிறார்கள். இல்லை, அது ராணுவம் தந்த பட்டம். விமானம் ஓட்டியவர்கள் அவருடைய நண்பர்கள். அவர்களில் ஒருவரான கேப்டன் சாமுவேலுடன் சேர்ந்து 1997-ல் ஹெலிகாப்டர் நிறுவனம் தொடங்கினார். 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கானின் சின்ன ஏடிஆர் விமானம் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்குப் பறந்தது. சாப்பாடு இலவசம் இல்லை. பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் சேவை உண்டு. சில இருக்கைகள் ஒரு ரூபாய்க்கு விற்கப்பட்டன. விளம்பரத்தில் ஆர்.கே. லட்சுமணின் சாமானியன். தேவையில்லாத செலவை வெட்டு, மிச்சத்தில் பிழை என்ற ஜாவகல் பாடம்தான் இங்கும்.

ஆனால் புழு வளர்ப்பைப் போலவே விமானத் தொழிலிலும் ஒரு பருவம் தப்பினால் எல்லாம் போகும். கட்டணப் போட்டியில் நஷ்டம் ஏறியது. 2007-ல் விஜய் மல்லையாவின் குழுமம் பங்குகளை வாங்கியது. அடுத்த ஆண்டே டெக்கான் என்ற பெயர் மறைந்தது. 2012-ல் கிங்ஃபிஷரும் தரையிறங்கிவிட்டது. 2009-ல் பெங்களூர் தெற்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்ற கோபிநாத் தோற்றார். சரக்கு விமான முயற்சியும் நிலைக்கவில்லை.

2020-ல் வந்த 'சூரரைப் போற்று' அவருடைய சுயசரிதையைத் தழுவியது. படத்தில் கதாநாயகன் சோழவந்தான்காரர், விமானப் படை அதிகாரி. திரையில் ஹாசனும் இல்லை, தென்னையும் இல்லை, மூழ்கிய வயலும் இல்லை. சினிமாவுக்கு விமானம் போதும். ஆனால் அந்த மனிதரைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஓடுபாதைக்குப் போவதைவிட அரசிகெரே பக்கம் போவது நல்லது. அணையால் ஊர் மாறியவர்கள் எல்லோருக்கும் விமான கம்பெனி கிடைக்கவில்லை. பெரும்பாலோருக்குக் கிடைத்தது, ஆறில்லாத இடத்தில் மறுபடியும் முதலிலிருந்து குழி தோண்டி கன்று நடும் வேலைதான். அதை அவர்கள் செய்தார்கள் என்பதை அங்கே நிற்கும் தென்னைகள் சொல்லும்.