நிலாவரையும் ஒரு தேசிக்காயும்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வீட்டிலுள்ள முதியவர்களின் ஓய்வு முடிந்துவிடுகிறது. தாய் தந்தையர் இருவரும் காலையிலேயே வேலைக்குப் போய்விட, பிள்ளைகளுக்கும் அவர்கள் கையை விட்டகலாத கைத்தொலைபேசிக்கும் நடுவே நின்று மத்தியஸ்தம் செய்யும் பொறுப்பு பாட்டன்மார் தலையில் விழுகின்றது. சென்ற ஆவணி விடுமுறையில் எனக்கும் அந்தப் பதவி கிடைத்தது. பேரனுக்கு வயது 9, பேத்திக்கு 6. என்னிடம் இருப்பதோ ஓய்வூதியப் பணம். காசு கேட்கும் கேளிக்கை இடங்களுக்கு இவர்களை அழைத்துச் சென்றால், மாதக் கடைசியில் மருந்துக் கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆகவே பஸ் கட்டணத்தோடும் இரண்டு சரைக் கச்சானோடும் முடியக்கூடிய பயணங்களையே தேர்ந்துகொண்டேன்.

முதற் கிழமை யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலில் நடந்தோம். மறுநாள் பொதுநூலகத்திற்குப் போனோம். இவ்விரண்டையும் பற்றி என்னிலும் நன்றாக எழுதவல்லவர் பலர் உளர். நான் சொல்ல வந்தது நிலாவரைக் கிணற்றைப் பற்றியே.

அங்கே போவதற்கு எனக்கு ஓர் அந்தரங்கக் காரணமும் இருந்தது. எங்கள் வளவு கடலிலிருந்து அரை மைலுக்கும் குறைந்த தூரத்தில் உள்ளது. என் தகப்பனார் காலத்தில் துலா மிதித்து இறைத்த கிணறு அது. ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, மற்றொருவர் கீழே நின்று பட்டையைக் கவிழ்க்க, இருவரும் களைத்துப்போகும் நேரத்தில் கிணறும் இளைப்பாறிக்கொள்ளும். பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. அதன் சத்தத்தைக் கேட்டுத் துள்ளிக் குதித்த சிறுவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க மாட்டேன். இப்பொழுது கோடை வந்தால் அந்தக் கிணற்று நீரில் போட்ட தேநீர் கரிக்கின்றது. அதனால் என் மருமகன் குழாய்க்கிணறு அடிப்பதென்று முடிவு செய்தார். நூறு அடி போனால் கற்கண்டுத் தண்ணீர் வருமென்று, துளையிட வந்தவர் அடித்துச் சொல்லி, முற்பணமும் வாங்கிப் போய்விட்டார். “ஆழம் போகப் போக உவர்தான் வரும், தம்பி” என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அது அந்தக் காலத்துக் கதை மாமா” என்றார் மரியாதையாகவே. மகள் வீட்டில் இருக்கும் கிழவன் அதற்குமேல் என்ன பேசுவது? வாயை மூடிக்கொண்டேன்.

நிலாவரை நவக்கிரியில் உள்ளது. பஸ்ஸால் இறங்கியவுடன் சின்னவள், “இவ்வளவுதானோ?” என்று கேட்டுவிட்டாள். மேலே நின்று பார்ப்பவருக்கு அது ஒரு பெரிய கேணி போலவே தோன்றும். ஆனால் ஆழம் 150 அடிக்கும் மேல். இராமபிரான் வானர சேனையின் தாகந் தீர்க்க அம்பெய்து உண்டாக்கியதென்பது நம் முன்னோர் சொன்ன கதை. இங்கே போட்ட தேசிக்காய் பல மைலுக்கு அப்பாலுள்ள கீரிமலைக் கேணியில் மிதந்து வருமென்பது இன்னொரு கதை. என் மனைவி உயிரோடிருந்த காலத்தில் இக்கதையை இரவிலே சொல்லாமல் பிள்ளைகளைத் தூங்கவைத்ததில்லை.

“அம்மப்பா, உண்மையா வருமோ?” என்று கேட்டான் பெரியவன்.

எழுபது வயதில் இதற்கு என்ன பதில் சொல்வது? ‘வரும்’ என்றால் அவனுடைய விஞ்ஞான ஆசிரியருக்குத் துரோகம். ‘வராது’ என்றால் அவனுடைய அம்மம்மாவுக்குத் துரோகம். “கதைக்குள்ளே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது” என்று மட்டும் சொன்னேன். ஒளிந்திருப்பது உண்மைதான். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதை மெல்ல மெல்லக் கரைத்து, வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்குகின்றது. அப்படிக் கரைந்து மேற்கூரை இடிந்து விழுந்த குகையே நிலாவரை. நிலத்தடியில் நீர் ஓடுகிறதென்பதைக் கண்டுதான் யாரோ ஒருவர் தேசிக்காயைக் கதைக்குள் விட்டிருக்க வேண்டும்.

இந்தக் கிணற்றின் மேல்நீர் நன்னீர். கீழே போகப் போக உவர். இதனைச் சொன்னபோது பெரியவன் நம்பவில்லை. ஒரே கிணற்றில் இரண்டு நீர் கலக்காமல் நிற்குமோ என்பது அவன் வாதம். வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணாடிக் குவளையில் உப்பைக் கரைத்து, பீற்றூட் சாற்றினால் நிறமூட்டினேன். அதன்மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் விழவைத்துத் துளித்துளியாக ஊற்றினேன். கீழே சிவப்பு, மேலே தெளிவு; இரண்டும் தனித்தனியே நின்றன. ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம் என்றால் கடல்நீர் ஏறக்குறைய 1025 கிராம். அந்த 25 கிராமில்தான் யாழ்ப்பாணத்தின் சீவன் மிதக்கின்றது. பிறகு பப்பாசித் தண்டொன்றை வெட்டிக் கொடுத்து உறிஞ்சச் சொன்னேன். மெதுவாக உறிஞ்சியபோது தெளிந்த நீர் வந்தது. தண்டை ஆழமாக இறக்கி வேகமாக உறிஞ்சியதும் பையன் முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

கைபன் என்னும் ஒல்லாந்தரும் ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மனியரும் நூறாண்டுக்கு முன்னரே கண்ட கணக்கொன்று உண்டு. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும். மேலே 1 அடி இறங்கினால் அடியிலுள்ள உவர் 40 அடி எழும்பும். வற்றாத ஆறில்லாத நம் குடாநாட்டில் மாரி மழை ஒன்றே இந்த நன்னீருக்கு வரவு, செலவோ நாள்தோறும். இதனைச் சொன்னபோது பெரியவன் ஒன்றும் பேசவில்லை. குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு சாப்பிடும்போது அவன் தகப்பனிடம், “அப்பா, எங்கடை வீட்டிலை நூறடியிலை என்ன இருக்கும்?” என்று கேட்டான். நான் தலையைக் குனிந்து புட்டைப் பிசைந்துகொண்டிருந்தேன். மருமகன் என்னைப் பார்த்தார். நான் தூண்டிவிட்டேன் என்றே எண்ணியிருப்பார். கோபம் வந்திருந்தாலும் நியாயமே. ஆயினும் பையன் விடவில்லை; குவளையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். தகப்பன் பப்பாசித் தண்டை வாங்கி ஆழமாக இறக்கி உறிஞ்சினார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, “முற்பணத்தைத் திருப்பித் தருவானோ தெரியாது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

முற்பணம் இன்னும் திரும்பவில்லை. குழாய்க்கிணறும் இன்னும் அடிக்கப்படவில்லை. கூரையோரம் பீலி பூட்டி, மாரிநீரைக் கிணற்றடியில் ஒரு குழிக்கு விடுவதற்கு என்ன செலவாகுமென்று மருமகன் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டு வைத்திருந்ததை மேசையிலே கண்டேன். அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீரிமலைக்குப் புறப்பட்டபோது, மகளும் மருமகனும் தாமாகவே கூட வந்தனர். அலையடிக்கும் கரையிலேயே ஊற்றெடுக்கும் அக்கேணியில் பெரியவன் தகப்பனோடு இறங்கிக் கடல்நீரையும் கேணிநீரையும் மாறி மாறி நாவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவளோ தாயோடு பெண்கள் கேணிக்குப் போனவள், நீரில் இறங்காமல் படியிலேயே குந்தியிருந்தாளாம். ஏனென்று தாய் கேட்டதற்கு மெதுவாகச் சொன்னாளாம்: நிலாவரையில் நான் கச்சான் வாங்கத் திரும்பிய சமயத்தில், சட்டைப் பையிலிருந்த தேசிக்காயை உள்ளே போட்டுவிட்டாளென்று.