சத்தமில்லாத சிரிப்பு

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, என் வாழ்வில் எத்தனை ஊரடங்குகளைக் கண்டேன் என்று எண்ண முயன்று தோற்றேன். எட்டு வயது மகனுக்கும் பதினொரு வயது மகளுக்கும் அதுவே முதல் நீண்ட ஊரடங்கு. கொழும்பில் அது மே மாதம் வரை நீடித்தது.

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் எமது வீடு. முற்றம் கிடையாது. கால் நூற்றாண்டாகப் பத்திரிகையில் இரவுப்பணி பார்த்தவன் நான். பிள்ளைகள் உறங்கிய பின் வீடு திரும்பி, அவர்கள் பாடசாலைக்குச் சென்ற பின் கண்விழித்தவன். "படித்தாயா?" என்பதற்கு அப்பால் அவர்களோடு பேச என்னிடம் சொற்கள் இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரு மாலை, தரையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்த என் முதுகில் மகன் பாய்ந்து ஏறினான். ஏசுவதற்கு வாயெடுத்தவன், ஏனோ யானையாக நடந்தேன். மறுநாள் கண்ணாடி மேசை அறைக்குள் போனது. மெத்தை கூடத்துக்கு வந்தது.

முதலில் முதலை விளையாட்டு. மெத்தைதான் ஆறு. அதில் குப்புறக் கிடக்கும் முதலை நான். என் கைக்கு அகப்படாமல் பிள்ளைகள் அக்கரை சேர வேண்டும். அடுத்தது காலுறை பறித்தல். எல்லோரும் முழங்காலில் நின்றுகொண்டு மற்றவர் காலுறையைக் கழற்ற வேண்டும். எழுந்து நிற்பவர் தோற்றவர். கழுத்திலும் தலைமயிரிலும் கை படக்கூடாது. "போதும்" என்று ஒருவர் சொன்னால், பிடித்த கை உடனே விலக வேண்டும்.

மூன்றாம் நாள் மகள் "போதும்" என்றபோது மகன் விடவில்லை. அவள் அழுதாள், அன்றைய ஆட்டம் அத்தோடு நின்றது. மறுநாள் அவள் "போ" என்னுமுன்னே அவன் கை விலகியது. தன் பலத்தை அளந்து பாவிப்பதை எந்தப் புத்திமதியாலும் அவனுக்கு நான் அவ்வளவு விரைவில் கற்பித்திருக்க முடியாது.

கீழ்மாடியில் தனியே வசித்த அம்மையாரிடம் சத்தத்துக்காகத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "மத்தியானம் நான் படுக்கிற நேரம் மட்டும் வேண்டாம் தம்பி. மற்ற நேரம் பிள்ளையள் விளையாடட்டும்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1987 ஒக்டோபர் நினைவுக்கு வந்தது. இந்தியப் படையினர் யாழ்ப்பாண நகரைக் கைப்பற்றும் நடவடிக்கையைத் தொடங்கியிருந்த நாட்கள். எனக்குப் பதினேழு வயது. தம்பிக்கு ஏழு, தங்கைக்கு ஐந்து. கதவும் யன்னலும் சாத்திய அறைக்குள் நாட்கணக்காக அடைபட்டிருந்தோம். பிள்ளைகளின் குரல் வீதிக்குக் கேட்கக்கூடாது என்பதே பெரியவர்களின் அச்சம். பிரம்பும் கையுமாகவே நாம் கண்டிருந்த, ஆசிரியரான எங்கள் ஐயா, ஒரு பிற்பகல் பாயில் குப்புறப் படுத்தார்.

"என்னைப் புரட்டிப் போடுங்கோ பாப்பம். சத்தம் போட்டுச் சிரிச்சால் தோல்வி" என்று கிசுகிசுத்தார்.

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு, உடல் குலுங்கக் குலுங்க அவரைத் தள்ளினார்கள். ஐயா ஒரு தடவை என்னை நோக்கியும் கையை நீட்டினார். பெரியவன் என்ற நினைப்பில் நான் சுவரை விட்டு நகரவில்லை.

விளையாடும்போதும் கிச்சுக்கிச்சு மூட்டும்போதும் எலிகள் சிரிப்பை ஒத்த ஓர் ஒலியை எழுப்புகின்றன என்று ஜாக் பாங்செப் என்ற நரம்பியல் அறிஞர் கண்டறிந்தார். அது சுமார் 50 கிலோஹேர்ட்ஸ். மனிதச் செவி ஏறத்தாழ 20 வரைதான் கேட்கும். அதைப் படித்தபோது, அந்த அறையில் ஒலி இல்லாமல் சிரித்த தம்பியும் தங்கையும்தான் என் கண்முன் வந்தார்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்ட நாட்களில், மெழுகுதிரி வெளிச்சத்தில் மகன் மீண்டும் மெத்தையை இழுத்து வந்தான். பதின்மூன்று வயதாகிவிட்ட மகள் சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

சிறிது நேரம் யோசித்துவிட்டு, காலுறை எடுத்துவர அறைக்குள் போனாள்.