கட்டிப் போட்ட சொல்

திருவையாறு பக்கத்தில் ஒரு கிராமம். காலாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து தாத்தா வீட்டுக்கு வந்திருந்தாள் பேத்தி. எட்டாம் வகுப்பு. வீட்டுப்பாடமாக, 'ரன்' என்ற ஆங்கில வினைச்சொல்லை வெவ்வேறு பொருளில் வைத்து இருபது வாக்கியங்கள் எழுத வேண்டும்.

'ஓடு' என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அகராதியைப் பார்த்தால், கடை நடத்துவதும் ரன், தேர்தலில் நிற்பதும் ரன், மூக்கு ஒழுகுவதும் ரன். கூட ஒரு சின்னச் சொல் சேர்ந்தால், வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோவதும் ரன்தான்.

"ஒரே வார்த்தைக்கு இத்தனை அர்த்தமா தாத்தா?" என்று சலித்துக்கொண்டாள்.

சலிப்பில் நியாயம் இருக்கிறது. வினைச்சொல்லாக மட்டுமே 'ரன்'னுக்கு 645 பொருள்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 2011-ல் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை எழுதி முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

தாத்தா வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி சிரித்தார். "நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கு பாப்பா. 'கட்டு'ன்னு பேரு. இன்னிக்குப் பூரா யார் எங்க சொன்னாலும் எழுதிக்க. நான் போய்த் தண்ணி கட்டிட்டு வந்துடறேன்."

"தண்ணியை எப்படித் தாத்தா கட்டுவீங்க?"

பார்த்துவிடுவதென்று அவளும் நோட்டோடு கிளம்பினாள். சம்பா நடவு முடிந்திருந்த நேரம். மடையை வெட்டி, வேண்டாத பக்கம் மண்ணை அணைத்து, வயலுக்கு நீரைத் திருப்பிவிட்டார். அதுதான் தண்ணி கட்டுவது. உடைந்த வரப்பைக் கட்டினார். வழியில் ஒருவர், பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டியாச்சா என்று கேட்டார். இன்னொருவர், பெண்ணைக் கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். மேற்கே மழை இருட்டிக் கட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தால் பாட்டிக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்தக் குரலிலேயே, ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காவிரிக்கரைக்குப் போன கதையைச் சொன்னாள். அடுப்படி இருப்பது இரண்டாம் கட்டில் என்றாள். மாலைக்குள் நோட்டில் பதினெட்டு ஆகிவிட்டது.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்கும் போயிருக்கிறது. கல்லணையைக் 'கிராண்ட் அனிகட்' என்றார்கள் ஆங்கிலேயர்கள். அணைக்கட்டுதான் அவர்கள் வாயில் 'அனிகட்' ஆனது. 1830-களில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணைக்கும் அதே பெயர், 'அப்பர் அனிகட்'. மரங்களைச் சேர்த்துக் கட்டி மீனவர்கள் கடலுக்குப் போன கட்டுமரமோ, 'கேட்டமரான்' ஆகி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போய்விட்டது. இன்று அந்தப் பெயரில் சொகுசுப் படகுகள் மிதக்கின்றன.

இரவு எட்டு மணிக்கு மகனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் தாத்தா.

"இந்த வருஷத்தோட போதும்ப்பா. நிலத்தைக் கொடுத்துட்டு, மூட்டை கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க."

"பார்க்கலாம்ப்பா. கட்டுபடியாகலதான்" என்றார் தாத்தா. போனை வைத்தார்.

பத்தொன்பது. பேத்தி எழுதவில்லை. "கட்டுபடின்னா என்ன தாத்தா?"

"போட்ட பணம் திரும்பி வந்தா கட்டுபடி. உழவு, நடவு ஆள் கூலி, உரம், அறுப்பு மெஷினுக்கு மணிக்கணக்கில வாடகை. அறுக்கிற நேரத்துல ஒரு மழை பிடிச்சா நெல்லு ஈரம்பாங்க. எல்லாம் போக, சொசைட்டிக் கடனைக் கட்டினா கையில ஒண்ணும் நிக்காது."

"அப்போ அப்பா சொல்றது சரிதானே?"

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. திண்ணையில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

"உங்க அப்பன் கணக்கு சரிதான் பாப்பா. ஆனா நம்ம வயலுக்குன்னு தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயல்லேர்ந்து நமக்கு வருது, நம்ம வயல்லேர்ந்து கீழ் வயலுக்குப் போகுது. வாங்குறவன் மண்ணைக் கொட்டி மனை போட்டான்னா கீழ இருக்கிறவனுக்குத் தண்ணி ஏது? அதையும் சேர்த்துல்ல கணக்குப் பார்க்கணும்?"

மறுநாள் விடியுமுன்பே மண்வெட்டிச் சத்தம் கேட்டு விழித்தாள் பேத்தி. வாசலில் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "எங்க தாத்தா?" என்று அவள் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.